குளத்தைக் கெடுத்தது கெளுத்தியா?

கோவையிலே ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளத்தையும், வாலாங்குளத்தையும், குறிச்சிக் குளத்தையும், சிங்காநல்லூர்க் குளத்தையும் பாழாக்கிய குற்றவாளி யார் என்று கேட்டால், படித்தவர்கள் சிலர் உடனே விடையிறுக்கிறார்கள்: "கெளுத்தி! ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கெளுத்தி! அதுதான் நாட்டு மீனையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது!"

அதோடு நிறுத்துகிறார்களா? இல்லை. "அந்த மீனைப் பிடிக்கத் தூண்டிலும் கையுமாய்க் கரையிலே உட்கார்ந்திருக்கிறானே, அவனையும் விரட்டுங்கள். நடைபாதை அசிங்கமாகிறது" என்றும் சேர்த்துச் சொல்லுகிறார்கள்.

மீன் குற்றவாளி; அதைப் பிடிக்கும் ஏழை உடந்தை. வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதப்பட்டது. ஆனால், குளத்திலே சாக்கடையைத் திறந்துவிட்டவர்? அவர் சாட்சிக் கூண்டுக்குக்கூட அழைக்கப்படவில்லை. தடை செய்த மீனின் குஞ்சுகளை லாரியிலே ஏற்றி ஊர் ஊராய் விற்றவர்? அவர் பெயர் குற்றப்பத்திரிகையிலேயே இல்லை. சட்டம் போட்டுவிட்டு உறங்கியவர்? அவரே நீதிபதியின் நாற்காலியில் வீற்றிருக்கிறார்!

இந்த விந்தை வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது நம் கடமை. ஏனெனில் இது மீனைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. கொங்கு நாட்டின் நீர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு.

நொய்யல் ஈன்ற குளங்கள்

வெள்ளியங்கிரி மலைச் சரிவிலே பிறந்து, பேரூரைத் தொட்டு, கோவையைக் கடந்து, திருப்பூரின் ஊடே ஓடி, கரூர் மாவட்டத்து நொய்யல் கிராமத்திலே காவிரியோடு கலக்கிறது நொய்யலாறு. ஆண்டு முழுதும் பெருக்கெடுத்தோடும் ஆறன்று அது. மழை பெய்தால் வெள்ளம், ஓய்ந்தால் மணல். அந்த ஆற்றின் இயல்பை அறிந்த நம் முன்னோர், வெள்ளம் வரும் சில நாட்களில் அதனைப் பிடித்து வைக்க ஒரு வழி கண்டார்கள். ஆற்றின் குறுக்கே வரிசை வரிசையாய் அணைக்கட்டுகள். ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்தும் ஒரு வாய்க்கால். வாய்க்காலின் வழியெங்கும் குளங்கள்.

சித்திரைச்சாவடி அணைக்கட்டின் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் எனக் குளங்களை நிரப்பிக்கொண்டு வந்தது. குறிச்சி அணைக்கட்டு குறிச்சிக் குளத்துக்கு, சிங்காநல்லூர் அணைக்கட்டு சிங்காநல்லூர்க் குளத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊட்டுவாய் இருந்தது. ஒரு குளம் நிரம்பினால் அதன் மிகுநீர் அடுத்த குளத்துக்குப் போகும். நீர் மேலே இருந்து கீழே போயிற்று; மீனோ கீழே இருந்து மேலே ஏறிற்று! புதுவெள்ளம் வந்ததும் எதிர்நீச்சல் போட்டு வாய்க்கால் வழியே குளத்துக்குள் புகுந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வாழ்ந்தவை கெண்டையும் கெளுத்தியும், விராலும் வாளையும், ஆரலும் அயிரையும்.

அவை உழவனுடைய நெல்லுக்குப் பக்கத்திலேயே உழைப்பாளியின் உணவாகவும் விளைந்தன. கோடையிலே குளம் வற்றும்போது சிறுவர்கள் சேற்றிலே இறங்கிக் கையால் துழாவினார்கள். கூடையைக் கவிழ்த்துக் குத்தி மீனை அடைத்தார்கள். கெளுத்தியின் முள் விரலிலே குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பதும், தேளி மீனுக்குத் 'தேளி' என்று ஏன் பெயர் வந்தது என்பதும் கிராமத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமலே கற்றுக்கொண்ட பாடங்கள்.

கெளுத்தி நமக்குப் புதிதன்று, தோழர்களே. நாட்டுக் கெளுத்தி நம் நீரிலே பிறந்தது. கோவையிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. பவானி ஆற்றிலே ஒரு கெளுத்தி இனம் உண்டு. 1849-இல் ஜெர்டான் என்ற ஆங்கில மருத்துவர் அதனை அறிவியல் உலகுக்கு எழுதி அறிவித்தார். காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர உலகிலே வேறெங்கும் அந்த மீன் இல்லை. இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலிலே அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். நீர்நிலைகளிலே ஆளுயரம் வளர்ந்து கிடந்த வாளையும் இப்போது அழிவுறக்கூடிய இனங்களின் வரிசையிலே சேர்க்கப்பட்டுவிட்டது.

இந்த இழப்புக்கு அழுகிறவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அழுதுவிட்டு, காரணத்தைக் காட்டும்போது விரலை எங்கே நீட்டுகிறார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்லுகிறோம்.

வந்த வழி

ஆப்பிரிக்கக் கெளுத்தி என்பது என்ன? காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுளுக்கு மேலே ஓர் உறுப்பு. அதனால் நீரிலே உயிர்வளி குறைந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்து உயிர் வாழும். ஈரமான தரையிலே ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும். புழு, பூச்சி, தவளை, மீன் குஞ்சு, அழுகிய இறைச்சி எதுவாயினும் தின்னும். ஒரு பெரிய பெட்டை மீன் ஒரு தடவையில் பல்லாயிரம் முட்டையிடும். வளர விட்டால் ஆளுயரத்துக்கும் மேலே போகும். 60 கிலோ எடை வரைக்கும் எட்டும்.

இத்தகைய மீன் கால்நடையாகவா ஆப்பிரிக்காவிலிருந்து கொங்கு நாட்டுக்கு வந்தது? 1990-களின் தொடக்கத்திலே, அரசின் அனுமதி இல்லாமல், வங்கதேச எல்லை வழியாக வங்காளத்துக்குள் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து வியாபாரிகள் கைமாற்றி நாடெங்கும் பரப்பினார்கள். விரைவிலே வளரும், நெரிசலிலே பிழைக்கும், கோழிக்கடைக் கழிவையும் ஆட்டுத்தொட்டிக் கழிவையும் போட்டால் போதும், தீனிச் செலவு இல்லை. இலாபம் பார்ப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மத்திய அரசு 1997-இல் தடை விதித்தது. தடை விதித்து 22 ஆண்டுகள் கழித்து, 2019-இல், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுகளைக் கூப்பிட்டு, 'வளர்ப்பை நிறுத்துங்கள், இருப்பதை அழியுங்கள்' என்று மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது! இதன் பொருள் என்ன? 22 ஆண்டுகளாய்த் தடை காகிதத்திலே படுத்துக் கிடந்தது. மீன் குட்டையிலே கொழுத்துக் கிடந்தது! தீர்ப்பாயத்தின் ஆணைக்குப் பின்பும் மாவட்ட ஆட்சியர்கள் அறிக்கை விடுகிறார்கள். மீன்வளத்துறையினர் பொக்லைன் எந்திரத்தோடு போய்ச் சில குட்டைகளை மூடுகிறார்கள். படம் பத்திரிகையிலே வருகிறது. அடுத்த பருவத்திலே குஞ்சு மறுபடி வருகிறது.

குஞ்சு எங்கேயிருந்து வருகிறது? அதைத்தான் யாரும் கேட்பதில்லை. கடன் வாங்கிக் குட்டை வெட்டிய சிறு விவசாயியின் குட்டையை மூடுவது எளிது. குஞ்சு பொரிக்கும் பண்ணையைக் கண்டுபிடிப்பதும், மாநில எல்லைகளைக் கடந்து அதை ஏற்றி வரும் வண்டியை மறிப்பதும், அந்த வணிகத்தின் முதலாளியைக் கூண்டிலே நிறுத்துவதும் எளிதல்ல. ஆகவே எளியதைச் செய்கிறார்கள், எளியவனை வருத்துகிறார்கள்.

இது முதல் தடவையும் அன்று. வரலாற்றைப் புரட்டுங்கள். 1928-இல் கொசுப்புழுவை ஒழிக்கிறோம் என்று கம்பூசியா என்ற அயல் மீனைக் கொண்டுவந்து இந்தியக் குளங்களிலே விட்டார்கள். கொசு ஒழிந்ததா என்பதை மாலை ஆறு மணிக்கு எந்த ஊரிலும் திண்ணையிலே உட்கார்ந்து பார்த்தால் தெரியும்! 1952-இல், உணவுப் பஞ்சத்தைத் தீர்க்கும் அற்புத மீன் என்று சொல்லித் திலாப்பியாவைக் கொண்டுவந்தார்கள். நம் மக்கள் 'ஜிலேபி' என்று செல்லப் பெயர் சூட்டிய மீன் அதுதான். அது கெண்டையை நெருக்கி, குளத்தை நிறைத்து, தான் மட்டும் பெருகத் தொடங்கியது. 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு, 'இனிமேல் பரப்பாதீர்கள்' என்று தடுத்தது. பரவாமல் நின்றதா? இன்று கோவையின் எந்தக் குளத்திலே வலை வீசினாலும் முதலில் ஏறுவது ஜிலேபிதான்.

முதலில் கொண்டுவருவார்கள், பிறகு தடுப்பார்கள், கடைசியிலே மீனைத் திட்டுவார்கள். 1952-க்கும் 1997-க்கும் நடுவிலே ஆண்டுகள் 45 உருண்டன, ஆளவந்தார்கள் மாறினார்கள், இந்த முறை மட்டும் மாறவில்லை!

அயலது என்பதாலா?

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை நாம் எதிர்ப்பது அது அயலது என்பதற்காக அன்று. அப்படிப் பேசும் கூட்டம் ஒன்று உண்டு. அயலான் என்றாலே பகை என்று மனிதர்களிடையே பேசிப் பழகிய நாக்கு, மீனிடமும் அதையே பேசுகிறது. நமக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

கட்லாவும் ரோகுவும் மிர்காலும் கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை. ஆழியாறு அணையிலும் பவானிசாகரிலும் அவற்றின் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறோம். மீனவருக்கு அது பிழைப்பு, மக்களுக்கு அது உணவு. வந்தது எங்கிருந்து என்பது வழக்கே அன்று. வந்து என்ன செய்கிறது, யாருடைய நலனுக்காகக் கொண்டுவரப்பட்டது, அதன் விளைவை யார் சுமக்கிறார்கள் என்பதே வழக்கு.

இதற்கு உலகம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலே விக்டோரியா ஏரி. கென்யா, உகாண்டா, தான்சானியா என்ற 3 நாடுகளின் நடுவே கிடக்கும் நன்னீர்க் கடல். வெள்ளைத் துரைத்தனம் ஆண்ட காலத்திலே, 1950-களில், நைல் பெர்ச் என்ற பெருமீனை அந்த ஏரியிலே கொண்டுவந்து விட்டார்கள். 1980-களிலே அது வெடித்துப் பெருகிற்று. வேறெங்கும் இல்லாத சிறு மீன் இனங்கள் நூற்றுக்கணக்கில் அந்த ஏரியிலே இருந்தன. அவற்றில் பெரும்பகுதி மறைந்தது. பிறகு நடந்ததுதான் கொடுமை. கரையெங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. மீனின் சதையை அறுத்தெடுத்து, பனிக்கட்டியிலே வைத்து, ஐரோப்பாவுக்கு விமானத்திலே அனுப்பினார்கள். ஏரிக்கரை மக்களுக்கு எஞ்சியது தலையும் முள்ளும்! 2004-இல் ஊபர்ட் சௌப்பர் என்பவர் எடுத்த ஆவணப்படம் அந்தக் காட்சியை உலகுக்குக் காட்டிற்று.

அங்கேயும் மீன்மீதுதான் பழி போட்டார்கள். ஆனால் விமானத்தை ஓட்டியது மீனா? விலையை நிர்ணயித்தது மீனா?

சாக்கடையின் சாட்சி

இனி நம் குளத்துக்கு வருவோம். ஆப்பிரிக்கக் கெளுத்தி ஏன் இங்கே கொழிக்கிறது? விராலும் கெண்டையும் ஏன் மறைகின்றன?

கெண்டை நீரிலே கரைந்துள்ள உயிர்வளியைச் செவுளால் உறிஞ்சி வாழும். குளத்திலே கழிவுநீர் கலந்தால், அந்தக் கழிவை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் உயிர்வளியைக் குடித்துத் தீர்க்கும். ஆகாயத்தாமரை மேலே படர்ந்து வெயிலையும் காற்றையும் மறைக்கும். விடியற்காலையிலே உயிர்வளி அடிமட்டத்துக்குப் போகும். கெண்டை செத்து மிதக்கும். 'குளத்தில் மீன்கள் செத்து மிதந்தன' என்று ஆண்டுதோறும் நாம் படிக்கும் செய்தியின் உட்பொருள் இதுதான். அதே நீரிலே காற்றைக் குடிக்கும் கெளுத்தி மட்டும் சாகாமல் நிற்கும். போட்டியாளன் செத்தான், உணவு மிஞ்சிற்று, குளம் முழுவதும் அதற்கே!

ஆக, ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்து குளம் சாக்கடையாகவில்லை. குளம் சாக்கடையானதால் கெளுத்தி வென்றது. மற்ற மீன் பிழைக்க முடியாத நீரை அதற்குக் கட்டிலாய் விரித்தவர் யார்?

உக்கடத்திலே நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டிருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் நிலையம் கட்டினால் மட்டும் போதுமா? வீடுகளிலிருந்து அதற்குக் குழாய் போக வேண்டாமா? குழாய் போகாத தெருவின் கழிவு மழைநீர் வடிகாலில் விழுகிறது. வடிகால் வாய்க்காலில் விழுகிறது. வாய்க்கால் குளத்தில் விழுகிறது. முன்னோர் வெள்ளத்தைக் கொண்டுவர வெட்டிய அதே வாய்க்காலிலே இன்று மலம் மிதந்து வருகிறது. போதாக்குறைக்கு, பட்டறைகளின் முலாம் பூசும் கழிவும், சாயக் கழிவும்.

நொய்யலின் கதையை நாடறியும். திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்திலே 1992-இல் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். சாயப்பட்டறைகளின் கழிவு அந்த அணையிலே வந்து தேங்கிற்று. உலகத்திலே எங்கேயும் உழவர்கள் 'அணையிலே நீரைத் தேக்குங்கள்' என்றுதான் போராடுவார்கள். 'அணையிலே நீரைத் தேக்காதீர்கள், திறந்துவிடுங்கள்' என்று உழவர்கள் போராடிய அதிசயத்தை ஒரத்துப்பாளையம்தான் கண்டது! நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றப் படிக்கட்டுகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். உச்சநீதிமன்றம் 2009-இல் கழிவே வெளியேறக் கூடாது என்றது. அப்படியும் அடங்காததால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிற்று.

பட்டறை மூடியபோது வேலையிழந்தவன் தொழிலாளி. கழிவு ஓடியபோது நிலமிழந்தவன் உழவன். இரண்டு தடவையும் இழந்தவர் இவர்கள்தாம். இலாபம் வந்தபோது மட்டும் அது யாருடைய பெட்டிக்குள் போயிற்று என்பதைச் சொல்லவா வேண்டும்?

ஆகவே, கெளுத்தியைக் குற்றவாளி என்று சொல்லாதீர்கள். அது சாட்சி! குளத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு, மீசையோடு நீந்தி வந்து வாக்குமூலம் தரும் சாட்சி!

கரைக்கு அலங்காரம், நீருக்கு?

2010-இல் கோவையின் 8 குளங்கள் பொதுப்பணித்துறையிடமிருந்து மாநகராட்சிக்கு 90 ஆண்டுக் குத்தகையிலே மாறின. 2016 ஜனவரியில் 'சீர்மிகு நகரம்' என்ற பட்டியலின் முதல் வரிசையிலே கோவை இடம்பெற்றது. பணம் வந்தது. 2025 மார்ச்சோடு அந்தத் திட்டமும் முடிந்தது. என்ன எஞ்சியது? கரையிலே கல் பதித்த நடைபாதை, வண்ண விளக்கு, படம் எடுத்துக்கொள்ள மேடை, சிற்றுண்டிக் கடை!

உலாவ வேண்டாம் என்று சொல்லவில்லை நாம். உழைத்துக் களைத்தவன் குடும்பத்தோடு மாலையிலே காற்று வாங்க வேண்டும். அவனுக்கும் பூங்கா வேண்டும். ஆனால் நோயாளிக்கு மருந்து கொடுக்காமல் முகத்துக்கு மாவு பூசினால் அது வைத்தியமா? வாய்க்காலில் வரும் சாக்கடையை மறிப்பதற்கு முன்னே கரையிலே விளக்குப் போட்டால், அந்த வெளிச்சத்திலே தெரியப் போவது என்ன? சாக்கடைதானே!

குளத்தின் அழகு கரையிலே இல்லை, தோழர்களே, நீரிலே இருக்கிறது. கரையைக் கல்லால் கட்டிச் செங்குத்தாக்கினால் விரால் எங்கே கூடு கட்டும்? ஓரத்துக் கோரையையும் சேற்றையும் வழித்தெடுத்தால் குஞ்சு எங்கே ஒளியும்? மீனுக்கு இடமில்லாத குளம், பெரிய தண்ணீர்த் தொட்டி, அவ்வளவே.

அந்த நடைபாதையிலேதான் தூண்டில் போடுகிறவனைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். அவன் யார்? விடுமுறை நாளிலே வந்த பஞ்சாலைத் தொழிலாளி. வேலை கிடைக்காத கட்டடத் தொழிலாளி. வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த இளைஞன். கிலோ இறைச்சியின் விலையைக் கேட்டுவிட்டுக் கடையிலிருந்து திரும்பியவன், ஒரு மண்புழுவை முள்ளிலே கோத்துக் காத்திருக்கிறான். அவன் பிடிக்கும் ஒவ்வொரு ஆப்பிரிக்கக் கெளுத்தியும் குளத்துக்கு ஒரு பகை குறைவு. கூலி கேட்காமல் குளத்துக்கு வேலை செய்கிறவனை விரட்டுவது எந்த நியாயம்?

ஆனால் ஒரு கவலை நமக்கும் உண்டு. அடிச்சேற்றிலே மேயும் மீன், அந்தச் சேற்றிலே படிந்த நஞ்சையும் உடம்பிலே சேர்த்துக்கொள்ளும். ஏழையின் தட்டுக்கு அந்த நஞ்சு போகிறது. 'ஏழை மலிவான மீன் தின்கிறான், அதைக் கெடுக்காதீர்கள்' என்று வாதாடுகிறவர்கள் இதற்கு விடை சொல்லட்டும். கழிவிலே வளர்ந்த மீன் ஏழைக்கு, கடலிலே பிடித்த வஞ்சிரம் பணக்காரனுக்கு என்ற இந்தப் பங்கீட்டுக்குப் பெயர் இரக்கமா? ஏழைக்கு மலிவான மீன் வேண்டும். நஞ்சில்லாத மீனும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிப்பவன் ஏழையின் நண்பன் அல்லன்.

குத்தகைக் கணக்கு

இன்னொரு கணக்கையும் பாருங்கள். குளத்திலே மீன் பிடிக்கும் உரிமையை 'மீன்பாசிக் குத்தகை' என்று ஏலம் விடுகிறார்கள். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. ஏலத்திலே பணம் கட்டியவர் என்ன நினைப்பார்? குத்தகைக் காலம் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். மெல்ல வளரும் நாட்டு மீனுக்காக அவர் காத்திருப்பாரா? விரைந்து கொழுக்கும் மீனைத்தான் தேடுவார். குத்தகை முடிந்த மறுநாள் அந்தக் குளம் இருந்தாலென்ன, இறந்தாலென்ன? அது அவருடைய கணக்கிலே இல்லை.

எல்லாக் குத்தகைதாரரும் தீயவர் என்று நாம் சொல்லவில்லை. நல்லவரையும் இந்த ஏற்பாடு இப்படித்தான் நடத்தும் என்கிறோம். அவசரக்காரனுக்கே பரிசு தரும் ஏற்பாட்டிலே, பொறுமைசாலி தோற்பான்.

உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கம் எதற்காக ஏற்பட்டது? குளத்தை நம்பி வாழ்பவனுக்குக் குளத்தின் மீது உரிமை இருந்தால்தான் அவன் குளத்தைக் காப்பான் என்பதற்காக. தலைமுறையாய் அந்த நீரிலே வலை வீசுகிறவனுக்கு இந்த ஆண்டு மட்டுமன்று, அடுத்த ஆண்டும் மீன் வேண்டும். தன் பிள்ளைக்கும் வேண்டும். அவன் முட்டை வைத்த விராலை விட்டுவிடுவான். வெடி வைக்கிறவனையும் நஞ்சு கலக்கிறவனையும் காட்டிக்கொடுப்பான். 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே வெடியையும் நஞ்சையும் குற்றமென்றது. வெள்ளையன் எழுதிவைத்த அந்தச் சட்டத்தைக் காக்கக் குளத்துக்குக் குளம் காவலரை நிறுத்த முடியுமா? உரிமையுள்ள மீனவன் ஒவ்வொருவனும் காவலன். உரிமையற்ற மீனவன் வெறும் கூலி.

'ஏலம் விட்டால்தானே வருமானம்' என்பார்கள். அந்தக் குத்தகைப் பணம், நாளைக்குக் குளத்தைத் தூர்வாரவும் ஆகாயத்தாமரை அள்ளவும் செலவிடும் தொகைக்கு எம்மட்டு? குளத்தைக் கெடுக்கக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, கெட்ட குளத்தைத் திருத்த அள்ளிக் கொடுப்பது என்ன பொருளாதாரம்?

என்ன வேண்டும்?

குறை சொல்லுவது எளிது, வழி சொல்லுங்கள் என்று கேட்பார்கள். சொல்லுகிறோம்.

ஒன்று: குளத்துக்குள் வரும் ஒவ்வொரு வாய்க்காலின் வாயிலும் கழிவுநீர் மறிக்கப்பட வேண்டும். சுத்திகரிக்காத ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. கரையில் அடுத்த கல்லைப் பதிப்பதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

இரண்டு: ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சு வணிகத்தை வேரிலே அறுக்க வேண்டும். பொரிப்பகத்தையும் கடத்தல் வண்டியையும் முதலில் பிடியுங்கள். தெரியாமலோ வறுமையாலோ வளர்த்த சிறு விவசாயியின் குட்டையை அழிக்கும்போது, அதே கையால் அவனுக்குக் கெண்டைக் குஞ்சும் வாழ்வூதியமும் கொடுங்கள். தண்டனை மட்டும் கொடுத்தால் அவன் இரவிலே வளர்ப்பான். மாற்று கொடுத்தால் பகலிலே உங்களோடு நிற்பான்.

மூன்று: குளத்தின் மீன் உரிமை, அந்தக் குளத்திலே உழைக்கும் மீனவரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே முதலில் தரப்பட வேண்டும், நீண்ட காலத்துக்குத் தரப்பட வேண்டும். குளத்திலே பெருகிவிட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பிடித்து அழிக்கும் வேலையை அவர்களுக்கே கூலியோடு ஒப்படைக்க வேண்டும். இராஜஸ்தானத்திலே பரத்பூர்ப் பறவைகள் சரணாலயத்தில் இந்த மீன் புகுந்தபோது அதை ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்றினார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நான்கு: நாட்டுக் கெளுத்தி, விரால், வாளை ஆகியவற்றின் குஞ்சுகளை அரசுப் பண்ணைகள் பெருக்கி நொய்யல், பவானி, அமராவதிப் படுகைக் குளங்களிலே விட வேண்டும். ஆனால் முதல் கோரிக்கை நிறைவேறாமல் இதைச் செய்தால், அது குஞ்சுகளுக்கு நாம் எழுதும் மரண சாசனம்!

ஐந்து: குளத்து நீரும், சேறும், மீனும் பருவந்தோறும் சோதிக்கப்பட்டு, முடிவு கரையிலேயே தமிழிலே எழுதிவைக்கப்பட வேண்டும். எந்த மீனைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்பது ஏழைக்குத் தெரிய வேண்டும். அதிகாரியின் கோப்புக்குள் தூங்கும் உண்மை யாருக்குப் பயன்?

தோழர்களுக்கு

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்கும் இயக்கமா நாம்? நாம் செய்ய வேண்டியதும் உண்டு.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்காவது ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு தீர்மானம் வர வேண்டாமா? மீன்பாசிக் குத்தகை யாருக்குப் போயிற்று, எவ்வளவுக்குப் போயிற்று, அந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். நகரத்திலே இருப்பவர்கள் வார்டு உறுப்பினரைக் குளத்துக்கு அழைத்துப் போங்கள். நடைபாதைக்கு அன்று, சாக்கடை விழும் வாய்க்கு!

தூண்டில் போடுகிறவரோடு உட்கார்ந்து பேசுங்கள். "ஏனுங்கண்ணா, இந்தக் குளத்துல முன்ன என்னென்ன மீனுங்க இருந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எந்த அறிக்கையிலும் இல்லாத வரலாறு அவரிடமிருந்து கிடைக்கும். அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆப்பிரிக்கக் கெளுத்தி பிடிபட்டால், சிறியது என்று இரங்கி மறுபடி நீரிலே விட வேண்டாம். நாட்டுக் கெளுத்தி முட்டையோடு பிடிபட்டால் விட்டுவிடட்டும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலே வளர்த்த அயல் மீன் பெரிதாகிவிட்டதென்று குளத்திலே கொண்டுபோய் விடுகிறவர்களுக்கும் சொல்லுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று கடையிலே விற்கும் கவசக் கெளுத்தி, கேரளத்திலும் தமிழகத்திலும் நீர்நிலைகளிலே பெருகிக் கிடப்பது அப்படிப்பட்ட 'கருணை'யால்தான். 2018 பெருவெள்ளத்தின்போது கேரளத்திலே பண்ணைகளும் தொட்டிகளும் உடைந்து, அமேசான் ஆற்றின் அரபைமா கூட அங்கே வலையிலே விழுந்தது. வெள்ளம் வரம்பு பார்ப்பதில்லை.

படிப்பகங்களிலே இதைப் படியுங்கள். மீனவர் சங்கத்தையும், ஆயக்கட்டு உழவரையும், சாயப்பட்டறைத் தொழிலாளியையும் ஒரே மேடையிலே உட்கார வையுங்கள். நீரைக் கெடுத்தவர்கள் இந்த மூவரையும் ஒருவருக்கொருவர் பகைவராக்கியே இதுவரை பிழைத்தார்கள். கழிவை நிறுத்து என்றால் தொழிலாளிக்கு வேலை போகும் என்பார்கள். மீனவனுக்கு உரிமை என்றால் உழவனுக்கு நீர் போகும் என்பார்கள். சுத்திகரிப்புச் செலவை இலாபத்திலிருந்து கொடு என்று மூவரும் சேர்ந்து கேட்டால், அந்த வாதம் எங்கே நிற்கும்?

தோழர்களே! நொய்யலிலே அணைக்கட்டுக் கட்டியவன், தன் ஊருக்கு மட்டும் நீரைப் பிடிக்கவில்லை. அடுத்த ஊருக்கு மிகுநீரை விட்டான். அந்தப் பண்பாட்டின் வழித்தோன்றல்கள் நாம். நம் காலத்திலே அடுத்த குளத்துக்குப் போவது நீரா, சாக்கடையா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கெளுத்தி தன் வாக்குமூலத்தைத் தந்துவிட்டது. இனிக் கூண்டிலே ஏற வேண்டியவர்கள் ஏறட்டும். வரும் கிராமசபையிலே, வரும் வார்டுக் கூட்டத்திலே, முதல் கேள்வி நம் தோழர்களிடமிருந்து எழட்டும்: எங்கள் குளத்தைக் கெடுத்தது யார்?